வெளியில் தொங்காத தகடு

ஜூன் 14, வெள்ளி

இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குளிக்கும்போது இடது பக்கம் அக்குளை ஒட்டி என்னமோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. சூட்டுக்கட்டியாக இருக்கும். வலிக்காத ஒன்றுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜவுளிக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி இது. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், மதுரையிலிருந்து சரக்கு வந்த நாள், இவ்வளவுதான் எழுதுவேன். கை சும்மா இருக்காமல் இதையும் எழுதிவிட்டது.

ஜூன் 17, திங்கள்

சிலிண்டர் மாற்றினேன். கட்டி அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

நல்ல வியாபாரம். எங்கள் கடை அம்மன் கோயில் வாசலுக்கு எதிரே, ஆற்றுக்குப் போகிற வழியில். உருத் தகடு விற்கிற கடை. கண்ணில் கோளாறு என்றால் கண்மலர், மூட்டு வலிக்குக் கால், வயிற்று நோவுக்கு வயிறு, பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில். ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டு வாங்கி உண்டியலில் போடுவார்கள். எல்லாவற்றையும் சணலில் கோத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். காற்றடித்தால் கைகளும் கால்களும் சலசலவென்று ஆடும்.

நெஞ்சுத் தகடு மட்டும் தொங்காது. அது கல்லாவுக்குக் கீழே பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். ஆம்பளைகள் வந்து போகிற இடத்தில் அதையா தொங்கவிடுவார்கள்? வேண்டியவள் கடை ஓரமாக வந்து நிற்பாள். கூட்டம் குறைகிறவரை மஞ்சள் கயிற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். அப்புறம் மெதுவாக, “உள்ள இருக்கிறது ஒண்ணு குடுங்கக்கா” என்பாள். நான் தாளில் சுற்றிக் கொடுப்பேன். அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். அது நான் அவளுக்குக் கொடுக்கிற மரியாதை.

இன்றும் ஒருத்தி வந்தாள். மாசியிலும் வந்தவள். பாதியாக இளைத்திருந்தாள். “என்னா வெயிலு!” என்றேன். “ஆமாக்கா” என்றாள். சுற்றிக் கொடுத்தேன், போய்விட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர், “ஏ காந்தி, ஒரு நாளு சாத்தூரு போயி ஒடம்ப முழுசா செக் பண்ணிட்டு வருவமா?” என்றார்.

“எதுக்கு?”

“சும்மாதான். வயசாகுதுல்ல.”

“வயசாகுறது ஒங்களுக்கு. நீங்க போயிட்டு வாங்க” என்றேன். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிட்டார். இந்த மனுசனுக்கு இந்த வருசம் எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரிதான். பொங்கலுக்குப் பிறகு இத்தோடு மூன்று நாலு தடவை கேட்டாயிற்று.

ஜூலை 5, வெள்ளி

வேண்டுதல் ஒன்று செய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்தவளுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவள், எனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? இவர் டீ குடிக்கப் போன நேரம் டப்பாவைத் திறந்து ஒரு நெஞ்சுத் தகட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். கோயிலுக்குள் கால் வைத்தேன், உண்டியல் பக்கத்தில் வாட்ச்மேன் பரமசிவம் நிற்கிறார். எனக்கு அண்ணன் முறை. அவர் முன்னால் முடிச்சை அவிழ்த்து அதை எடுத்துப் போடுவதா? உயிரே போய்விடும்.

திரும்பி வந்து அதை டப்பாவில் வைத்துவிட்டு வாசலில் தொங்கின கை ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனேன். அக்குளுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, கையும் அதை ஒட்டித்தானே. ஆத்தாளுக்குத் தெரியாதா என்ன.

“கைக்கு என்ன தங்கச்சி?” என்று பரமசிவம் அண்ணன் கேட்டே விட்டார்.

“மாவாட்டி மாவாட்டி ஒரே வலிண்ணே” என்றேன். எங்கள் வீட்டில் கிரைண்டர் வாங்கிப் பல வருசம் ஆகிறது என்பது அவருக்கும் தெரியும்.

சாமியிடமே பொய் சொன்ன மாதிரி இருக்கிறது. கும்பிடும்போது ஆத்தாள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஒரே கூட்டம். காலையில் கடை திறக்கப் போனால், பக்கத்தில் காலி இடத்தில் பந்தல் போட்டுப் பச்சைத் துணி கட்டியிருக்கிறது. உள்ளே ஒரு கட்டில். வெளியே பேனர். அதில் பொம்பளை ஒருத்தி தன் மாரில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி படம். “முப்பது வயது கடந்த பெண்களுக்கு இலவச மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை” என்று எருமைமாடு அளவுக்கு எழுத்து.

ஆடி முழுக்க இடம் கொடுத்தது யார் என்றால் நம்ம வீட்டுக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டுக்கு வயரும் நம் கடையிலிருந்தே இழுத்துக் கொடுத்திருக்கிறார்.

“என்னங்க இது கூத்து? வேற எடமா கெடைக்கல?”

“நல்ல காரியந்தான காந்தி” என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

தேங்காய்க்கடை மாடசாமி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் கடைப் பையன்களிடம் என்னமோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது ரெண்டும் பற்றி எரிந்தது. அந்தப் படத்தில் இருக்கிற மாரே என்னுடையது போல இருந்தது. நம் கடையில் ஆத்தாளுக்குச் சாத்துகிற மஞ்சள் சேலை நிறையத் தொங்குகிறதே, அதில் நாலைந்தை எடுத்துக் கொடி கட்டி அந்தப் பேனருக்கு முன்னால் விரித்துவிட்டேன். கேட்டால் வெயிலுக்குக் காய்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நர்ஸ் பெயர் எஸ்தர். சின்ன வயசு, சிரித்த முகம். மத்தியானம் வரை பந்தலில் ஈதான் ஓட்டினாள். சாயங்காலம் என்னிடம் வந்து, “அக்கா, இவ்ளோ கூட்டம் போகுது, ஒருத்தரும் எட்டிக்கூட பாக்கல. நீங்களாச்சும் வந்து பாத்துக்கங்களேன். ஒங்களப் பாத்து நாலு பேரு வருவாக” என்றாள்.

“நான் போன வருசமே மதுரையில பாத்துட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாக.”

எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்! இவர் பின்னால் நின்று தகடு கோத்துக்கொண்டிருந்தார். போன வருசம் முழுக்க நான் மதுரைப் பக்கமே போகவில்லை என்று அவருக்குத் தெரியாதா? எஸ்தரிடம் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் அடுத்த தகட்டை எடுத்துக் கோத்தார். ராத்திரி சாப்பிடவும் இல்லை. பசியில்லையாம்.

ஜூலை 26, வெள்ளி

இதை எழுதியே ஆக வேண்டும்.

பதினோரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம், ஆட்டைப் பிடித்துக்கொண்டு நாலு ஆம்பளைகள். நடுவில் புகுந்து ஒருத்தி, ஐம்பது வயசிருக்கும், நல்ல தாட்டியான உடம்பு, தலை நிறையப் பூ, சத்தமாக, “நெஞ்சுத் தகடு ஒண்ணு குடுங்க” என்றாள்.

ஆட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவசரமாகக் குனிந்து டப்பாவைத் தேடினேன். தாளில் சுற்றப் போனால், “சுத்த வேணாம், இப்பிடியே குடுங்க” என்று கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கூட வந்திருந்த அவள் புருசன் சும்மா நிற்கிறார்.

“ஆத்தா கண்டிப்பாக் கொணமாக்குவா” என்று வழக்கமாகச் சொல்கிறதை நானும் மெல்லச் சொன்னேன்.

“கொணமாயிருச்சுக்கா! அதுக்குத்தான வந்திருக்கேன்.” கோவில்பட்டிக்காரியாம், பெயர் ஜெயக்கொடி. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. “எங்க கம்பெனிக்கு ஆஸ்பத்திரி வண்டி கொண்டாந்து எல்லாரையும் பாத்தாக. எனக்குக் கட்டியும் இல்ல, வலியும் இல்ல. ஒண்ணுமில்லாதவளுக்கு எதுக்குன்னு நானும் சண்டதான் போட்டேன். போயிப் படம் எடுத்துப் பாத்தா, நொய்யரிசி மாதிரி புள்ளி புள்ளியாத் தெரியுது. அது கட்டியாகுறதுக்கு முந்தியே வெட்டி எடுத்துட்டாக. மிசின்ல படுக்க வச்சுக் கரண்டு வச்சாக. இப்ப மறுபடியும் வேலைக்குப் போறேன்.”

“ஆத்தா புண்ணியம்” என்றேன்.

“ஆத்தா புண்ணியந்தான். ஆனா மொத டாக்டரப் பாத்துட்டுத்தான் அவகிட்ட வந்தேன். அவ கோவிச்சுக்கல” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கே தெரிகிற மாதிரி நடந்து போனாள்.

அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருசமாக டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேனே, அவர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி வருவாள், ஆறு மாசம் கழித்து மறுபடி வருவாள், அப்புறம் வர மாட்டாள். குணமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன். குணமானவள் ஜெயக்கொடி மாதிரி வந்து நன்றிக்கல்லவா ஒன்று வாங்கிப் போட்டிருப்பாள்? அப்படி வந்தவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

மாசியில் வந்தவளை ஜூனில் பார்த்தேனே. ஒரு வார்த்தை கேட்டேனா? வெயில் என்றேன். ச்சீ, நானெல்லாம் ஒரு பொம்பளை!

பேனருக்கு முன்னால் கட்டின சேலையை அவிழ்த்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்த மாதிரி குழி விழுந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். கை தூக்கினால் நன்றாகத் தெரிகிறது.

ஆடி முடியட்டும். இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று எஸ்தரின் பந்தலுக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். சத்தியமாக. நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கடையை இவரிடம் விட்டுவிட்டு, பத்தடி நடந்தேன். பந்தல் வாசலில் அஞ்சாறு பொம்பளைகள் நிற்கிறார்கள். அதில் ஒருத்தி மாடசாமி பெண்டாட்டி. “என்ன மதினி, நீங்களுமா?” என்றாள்.

“சேச்சே, போண்டா வாங்க வந்தேன்” என்றேன்.

வாங்கின போண்டாவை இவரிடம் கொடுத்தேன். என்னைப் பார்த்தார், போண்டாவைப் பார்த்தார். “அவ்வளவுதானா?” என்றார்.

“பின்ன? பஜ்ஜியும் வேணுமா?”

இவருக்குக் கண் கலங்கின மாதிரி இருந்தது. வெங்காயம் வேகாத போண்டா, அதனால் இருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. நிற்க நேரமில்லை. அக்குளில் இன்னொன்று தட்டுப்படுகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கடைக்கு லீவு. கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்து இவர் கை கழுவும்போது முதுகைப் பார்த்துச் சொன்னேன், “ஏங்க, மதுரைக்கு ஒரு எட்டுப் போகணும்.” முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

எதற்கு என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. “செவ்வாக்கெழம போவம். அன்னைக்குத்தான் அந்த டாக்டரம்மா இருப்பாகளாம். எஸ்தர் சிஸ்டர் சொன்னாக” என்றார்.

எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை.  எஸ்தரிடம் இவர் எப்போது கேட்டார், எதற்குக் கேட்டார்? படுத்துக்கொண்டு யோசித்தேன். பேனர் மாட்டும்போது பேச்சுவாக்கில் கேட்டிருப்பார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதுரை. ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்குக் குறைவில்லை, நம் கோயில் தோற்றுவிடும். டாக்டரம்மாவுக்கு என் தங்கை கோமதி வயசுதான் இருக்கும். “ஜாக்கெட்டக் கழட்டிட்டுப் படுங்கம்மா” என்று இட்லி சாப்பிடுங்கள் என்பது போலச் சொல்கிறாள். கொக்கியைக் கழற்ற எனக்கு விரல் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன், அவள் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று.

படம் எடுக்கிற மிசினில் வைத்து அமுக்கினார்கள். வலித்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள்? பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள்.

“எப்ப இருந்து இருக்கு?” என்று டாக்டரம்மா கேட்டாள்.

“பத்து நாளாத்தான்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் பேனாவை மூடி வைத்தாள். கோயில் வாசலில் உட்கார்ந்து தினமும் ஆயிரம் பேரைப் பார்க்கிறவள் நான். பொய் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரிசல்ட்டுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வத்தல் காயப் போட்டேன். மழை வந்து நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 31, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

புற்றுநோய்தான். மார்பில் இருக்கிறது, அக்குளுக்கும் வந்துவிட்டது. வேறு எங்கேயும் பரவியிருக்கிறதா என்று இன்னும் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு, அப்புறம் ஆபரேசன், அதற்கப்புறம் கரண்டு, கதிர்வீச்சு என்கிறார்களே அது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். “வைத்தியம் இருக்கும்மா, தைரியமா இருங்க. ஆனா சின்ன வேலையா முடிய வேண்டியது பெரிய வேலையா ஆயிருச்சு” என்றாள். ஜெயக்கொடியின் தலை நிறையப் பூ எனக்கு ஞாபகம் வந்தது.

“இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. எப்ப மொதல்ல தெரிஞ்சது? எவ்வளவு வேகமா வளருதுன்னு எனக்குத் தெரியணும்.”

வெட்கத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “ஜூன் மாசம், டாக்டர்” என்றேன்.

“இல்ல டாக்டர்” என்று பக்கத்திலிருந்து இவர் சொன்னார். “தை மாசமே இருந்துச்சு. சின்னதா. தட்டப் பயறு மாதிரி.”

எனக்கு ஒரு நிமிசம் ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்க்கிறாள், நான் இவரைப் பார்க்கிறேன், இவர் தரையைப் பார்க்கிறார். அப்புறம் விளங்கியது. என் கைக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடித்துக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

“தையில தெரிஞ்சுக்கிட்டு இம்புட்டு நாளு வாய மூடிக்கிட்டு இருந்தீகளா? ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

“எப்பிடிச் சொல்ல காந்தி?” என்றார். “வெளிச்சத்துல ஒன்ன நான் நிமுந்து பாத்ததுகூட கெடையாது. நம்ம ரெண்டு பேரும் அதப் பத்தி என்னைக்காச்சும் பேசியிருக்கமா? ஒங்கிட்ட அங்க ஒரு கட்டி இருக்குன்னு நான் எந்த வாயால சொல்ல? ஒடம்ப செக் பண்ணுவம்னேன், நீ வைஞ்ச. பந்தலுக்கு எடத்தக் குடுத்தேன், நீ சேலையக் கட்டி மறைச்ச. நீயாப் போவ, நீயாப் போவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாந்தான் கொன்னுட்டேன்.”

கல்யாணமாகி இருபத்து நாலு வருசம். ரெண்டு பேரும் ஒரே பொருளை ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குத் தெரியாது என்று இருந்திருக்கிறோம். திட்டத்தான் வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது எனக்கும் சேர்த்துத்தான் இருந்தது. அவமானமாக இருந்தது, அவரைப் பார்த்தும், என்னைப் பார்த்தும். கொஞ்ச நேரம் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இவர் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தாள். “கூடப் பெறந்த அக்கா தங்கச்சி இருந்தா ஒடனே பாக்கச் சொல்லுங்க. கட்டி இல்லாட்டாலும் பாக்கணும்.” எனக்குக் கோமதி ஒருத்திதான். எட்டயபுரத்தில் இருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் இவர் போனை என்னிடம் நீட்டினார். நான் அதை அவர் பக்கமே தள்ளினேன். “நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“நானா? கொழுந்தியாகிட்டயா?”

“சொல்லாம இருந்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்கம். சொல்லுங்க.”

போட்டார். கண்டக்டர்கள் திருமங்கலம், விருதுநகர் என்று கத்துகிறார்கள், ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டே பின்னால் வருகிறது. “கோமதி, ஒங்க அக்காளுக்கு ஒடம்புக்கு முடியலத்தா” என்று ஆரம்பித்தார். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. “ஒடம்புக்கு… நெஞ்சுல…” என்றார். ஆர்ட் அட்டாக்கா என்று அவள் அலறுவது எனக்கே கேட்டது. “அது இல்லத்தா!” என்று இவர் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, “மாருல! ஒங்க அக்காளுக்கு மாருல புத்துநோயி! நீயும் போயி மாரக் காட்டிப் பாத்துக்கணுமாம்! கட்டி இல்லாட்டாலும் பாக்கணுமாம்!” என்று கத்தினார்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பூக்காரி கை நிறையப் பூவோடு அப்படியே நின்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆனால் அவர் வாயைப் பொத்தவில்லை.

இவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். பிறகு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“என்ன சொல்றா?” என்றேன்.

“போயிப் பாக்குறாளாம். ஆனா இந்த விசயத்த யாருகிட்டயும் சொல்லிராதீக அத்தான்ங்கிறா.”

போனை வெடுக்கென்று பிடுங்கினேன்.

“ஏட்டி கோமதி, மதுர பஸ் ஸ்டாண்டுக்கே தெரிஞ்சு போச்சு. நாளு கெழம பாக்காம திங்கக்கெழம மொத பஸ்ஸுல கெளம்பி வா. நான் கூட வாரேன்.”